நான்கு நரம்புகளும் மூன்று தச்சரும்

மட்டக்களப்பிலே வாழும் பறங்கிய மக்களின் திருமண வீட்டுக்குச் சென்றவர்கள் அங்கே ஒரு பழைய ஒலியைக் கேட்டிருப்பர். வயலினும் கித்தாரும் கூடி ஒலிக்கக் ‘கபிரிஞ்ஞா’ என்னும் ஆடல் நிகழும். பாட்டின் மொழி போர்த்துக்கேயத்தின் வழிவந்த ஒரு கலப்புமொழி. போர்த்துக்கேயர் இந்நாட்டில் தம் ஆட்சியை இழந்தது 1658ஆம் ஆண்டிலாகும். கோட்டைகள் கைமாறின, கொடிகள் மாறின, நரம்பிசை மட்டும் போகாமல் நின்றுவிட்டது. அம்மக்களுள் தச்சுத் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்தோர் பலர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பாட்டும் உளியும் ஒரே வீட்டில் வாழ்வது நாம் அறியாத காட்சியன்று.

போர்த்துக்கேயக் கப்பல்கள் சென்ற துறைகள் பலவற்றில் ஏதோ ஒரு சிறு நரம்புக் கருவி எஞ்சியிருப்பதைக் காணலாம். பிறேசில் நாட்டில் அதற்குக் கவாக்கிஞ்ஞோ என்று பெயர். யாவாத் தீவில் அது குரொஞ்சோங் எனப்படும். இவையெல்லாம் பறங்கியர் வாணிகம் செய்த அல்லது ஆட்சி செலுத்திய இடங்களோடு தொடர்புடையவை. ஆனால், அவர்கள் ஒருநாளும் ஆளாத ஹவாய்த் தீவுகளிலேதான் அக்கருவி உலகப் புகழ் அடைந்தது. அங்கே அதனைக் கொண்டுசென்றவர் தளபதிகளல்லர். கூலி வேலைக்குக் கப்பலேறிய ஏழைகள். உக்குலேலே என்னும் அந்தச் சிறு கருவியின் வரலாற்றையும், அதனை உருவாக்கிய சிறு பட்டறைகளின் வரலாற்றையுமே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலே, மொரொக்கோ நாட்டின் கரைக்கு அப்பால், மதெய்ரா என்னும் மலைத்தீவு இருக்கின்றது. ‘மதெய்ரா’ என்றால் போர்த்துக்கேய மொழியில் ‘மரம்’ என்பது பொருள். பெயருக்கேற்ப அத்தீவில் மரவேலை சிறந்திருந்தது. எனினும் மக்களின் உயிர்நிலை திராட்சைக் கொடியே. 1850களில் ஒரு பூஞ்சண நோய் அக்கொடிகளை அழித்தது. அதிலிருந்து ஒருவாறு மீண்ட தோட்டங்களை 1872இல் வேரை உறிஞ்சும் ஒரு பூச்சி வந்து பற்றியது. பசி வீடுதோறும் புகுந்தது. அதே காலத்தில், பசிபிக்குச் சமுத்திரத்தின் நடுவே, ஹவாய் அரசு தன் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்தவர்களின் கதை இந்நாட்டினருக்கு விரித்துரைக்க வேண்டியதொன்றன்று.

1879ஆம் ஆண்டு ஓகஸ்து மாதம் 23ஆந் தேதி, நான்கு மாதப் பயணத்தின் பின் ‘றேவன்ஸ்கிறாக்’ என்னும் பாய்க்கப்பல் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. அதில் நானூறுக்கு மேற்பட்ட மதெய்ரா மக்கள் வந்தனர். கரை கண்ட மகிழ்ச்சியில், ஜுவாவோ பெர்னாண்டஸ் என்னும் இளைஞர், தோழர் ஒருவரின் கருவியை இரவலாக வாங்கி, ஊர்ப்பாட்டுகளை இசைத்தார் என்பர். அது ‘மஷெத்தே’ எனப்படும் நான்கு நரம்புச் சிறு கருவி. அடுத்த சில நாட்களில், புதிதாக வந்த தீவினர் இரவுதோறும் தெருவில் இசை நிகழ்த்தி மக்களை மகிழ்விக்கின்றனர் என உள்ளூர்ப் பத்திரிகை எழுதிற்று.

அக்கப்பலிலே மூன்று தச்சர் இருந்தனர். ஒருவர் மனுவேல் நூனெஸ். மற்றவர் ஓகஸ்தோ டயஸ். மூன்றாமவர் ஜொசே டோ எஸ்பிரித்து சாந்தோ. டயஸ் என்னும் பெயர் இலங்கையருக்குப் புதிதன்று. மூவரும் அலுமாரியும் கதிரையும் செய்யும் நுண்தச்சர். ஆயினும் அவர்கள் வந்தது கரும்புக்காக, தச்சுக்காக அன்று. ஒப்பந்தக் காகிதத்திலே மனிதனின் கைகள் கணக்கிடப்படும். அக்கைகள் அறிந்தவை கணக்கிடப்படமாட்டா. அவர்கள் கரும்புக் காட்டிலேயே தம் நாளைக் கழித்திருந்தால், உலகத்தில் இக்கருவி பிறந்திராது.

நல்வாய்ப்பாக, மூவரும் தோட்டத்தை விட்டு ஹொனலூலு நகருக்கு வந்தனர். 1880களின் நடுப்பகுதியில் அவர்களின் கடைகள் அந்நகரில் இருந்தமைக்குச் சான்றுகள் உண்டு. ஒரே கூரையின் கீழ் மேசையும் செய்தனர், கித்தாரும் செய்தனர், மஷெத்தேயும் செய்தனர். தச்சர் ஒருவர் வாச்சியம் செய்யத் தொடங்குவது ஐரோப்பாவிலும் நிகழ்ந்ததே. புகழ்பெற்ற மாட்டின் கித்தார்க் குடும்பத்தார் ஜெர்மனியின் சக்சனி நாட்டிலே தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். தச்சருக்குக் கித்தார் செய்ய உரிமையில்லை என்று அங்கிருந்த வயலின் வினைஞர் வழக்காடினர். அக்குடும்பத்தின் கிறிஸ்ரியன் பிறெடரிக் மாட்டின் 1833இல் நியூ யோர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய பெயர் இக்கதையில் மீண்டும் வரும்.

ஹொனலூலுத் தச்சர் தம் ஊர்க் கருவியை அப்படியே நகல் செய்யவில்லை. இரண்டு மாற்றங்களைச் செய்தனர். அவ்விரண்டுமே அதனைப் புதிய கருவியாக்கின.

முதலாவது, சுருதி. மதெய்ராவில் மஷெத்தேயோடு ‘ரஜாவோ’ என்னும் ஐந்து நரம்புக் கருவியும் வழங்கியது. அந்த ரஜாவோவின் ஐந்து நரம்புகளில் ஒன்றை விட்டு எஞ்சிய நான்கின் சுருதி முறையைச் சிறிய கருவிக்கு ஏற்றினர். அம்முறையில் நான்காம் நரம்பு மூன்றாம் நரம்பினும் உயர்ந்து ஒலிக்கும். வரிசையாக மீட்டினால் ஒலி முதலில் இறங்கிப் பின்னர் ஏறும். உக்குலேலேயின் துள்ளல் ஓசைக்கு இதுவே காரணம். மேலும், விரல்களுக்கு எளிதான பிடிகள் இம்முறையில் அமைகின்றன. ஒரு மாலையிலேயே ஒரு பாட்டுக்குத் துணையாக மீட்டக் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, மரம். ஹவாய்த் தீவுகளிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத ‘கோஆ’ என்னும் மரத்தை அவர்கள் தேர்ந்தனர். இது நாமறிந்த வேலமரத்தின் உறவு. செம்பொன் நிறமும், நீரலை போன்ற வரியும் உடையது. ஹவாய் மக்கள் தங்கள் பெரிய ஓடங்களை இம்மரத்தில் குடைந்தே செய்தனர். அவர்கள் மொழியில் ‘கோஆ’ என்பதற்கு ‘வீரன்’ என்றும் பொருளுண்டு. வந்தேறிகளின் கருவி அந்நாட்டின் பெருமைக்குரிய மரத்தாலான உடலைப் பெற்றபோது, அது வந்தேறியாக இல்லாமற் போயிற்று.

இந்த மாற்றத்துக்கு மன்னரின் ஆதரவும் துணைநின்றது. 1874 முதல் 1891 வரை ஆண்ட கலாக்காவா மன்னர் இசையிலும் நடனத்திலும் பேரார்வம் உடையவர். பாதிரிமாரின் செல்வாக்கால் ஒடுங்கியிருந்த ‘ஹுலா’ ஆடலை அரண்மனையிலே மீண்டும் ஆடச் செய்தவர். 1886இல் கொண்டாடப்பட்ட அவருடைய ஐம்பதாம் பிறந்தநாள் விழாவில், அவ்வாடலுக்குத் துணையாக உக்குலேலேயும் ஒலித்தது. அரசர் கையில் ஏறிய கருவியை மக்கள் கையிலெடுக்கத் தயங்கவில்லை.

பெயரின் கதையும் சுவையானது. ‘யுக்குலேலே’ என ஆங்கிலேயர் சொல்வதை ஹவாய் மக்கள் ‘உக்குலேலே’ என்பர். ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்பது அதன் நேர்ப்பொருள். நரம்புகளின்மேல் தாவும் விரல்களைக் கண்டு இட்ட பெயர் என்பது ஒரு வழக்கு. மன்னரின் தங்கையும், அந்நாட்டின் கடைசி அரசியுமான லிலியுவொக்கலானி, ‘இங்கு வந்து சேர்ந்த கொடை’ எனப் பொருள் கூறினார் என்பது மற்றொரு வழக்கு. அவருடைய ஆட்சி 1893இல் கவிழ்க்கப்பட்டது. 1898இல் அத்தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. நாட்டை இழந்த அரசி அச்சிறு கருவியைக் கொடையென்று கூறியது உள்ளத்தைத் தொடும் செய்தியாகும்.

இனிப் பட்டறைக்குள் நுழைவோம். நம் வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. கித்தாரும் உக்குலேலேயும் அவ்வாறன்று; மெல்லிய பலகைகளைப் பொருத்திச் செய்யப்படுபவை. கோஆ மரத்தை அறுத்தவுடன் பயன்படுத்தலாகாது. ஆண்டுக்கணக்கில் காற்றாட வைத்து ஈரம் போக்கவேண்டும். பின்னர் ஒரு துண்டை ஏடு விரிப்பதுபோல இரண்டாகப் பிளந்து விரித்து ஒட்டுவர். அப்போது இடப்பக்கத்து வரி வலப்பக்கத்து வரிக்கு நிழல்போல் அமையும். இவ்வாறே மேற்பலகையும் அடிப்பலகையும் ஆகும். பலகையின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். சீவுளியால் சீவிச் சீவி, விரலால் தட்டித் தட்டி, ஓசை கேட்டு நிறுத்த வேண்டும். கூடினால் மரம் ஊமையாகும். குறைந்தால் நரம்பின் இழுவையைத் தாங்காது வளையும். ஒரு மரத்துக்குப் பொருந்திய அளவு மற்றொரு மரத்துக்குப் பொருந்தாது. எங்கே நிறுத்துவது என்பதே அத்தொழிலின் உயிர்.

பக்கப்பலகைகளை நீரில் நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் மெல்ல அழுத்தி வளைப்பர். அவசரப்பட்டால் வரியோடு பிளந்துவிடும். உள்ளே மெல்லிய தாங்குசட்டங்களை வச்சிரப் பசையால் ஒட்டுவர். அடுத்து, தண்டியின்மேல் மெட்டுகளைப் பதிப்பது. அதற்குப் பழைய வினைஞரிடம் ஒரு வாய்பாடு இருந்தது. நரம்பின் நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கில் முதல் மெட்டு; மீதியைப் பதினெட்டாகப் பகுத்து அதில் ஒரு பங்கில் அடுத்த மெட்டு; இவ்வாறே இறுதிவரை. இன்றைய கணிதப்படி பகுக்கவேண்டிய எண் 17.817 ஆகும். அப்படியாயின் பழைய வாய்பாடு பிழையா? 34 சென்ரிமீற்றர் நரம்பிலே, பன்னிரண்டாம் மெட்டு இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் விலகும்; அதனால் சுருதி சற்றே தாழும். ஆனால் நரம்பை மெட்டின்மேல் விரலால் அழுத்தும்போது இழுவை கூடிச் சுருதி சற்றே உயரும். ஒரு குறையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்யும். அக்கணக்கை வகுத்தவர்களின் செவிக்கு அவ்வாய்பாடு ஒத்துவந்தது என்றே கொள்ளவேண்டும்.

இவ்வாறு ஒவ்வொன்றாய்ச் செய்யப்பட்ட கருவி, 1915இல் ஒரு பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று. பனாமாக் கால்வாய் திறந்ததைக் கொண்டாட, அவ்வாண்டு சன் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பத்து மாதங்களுள் 1 கோடியே 80 இலட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுகள் பதிவாயின. ஹவாய் மண்டபத்தில் நாள்தோறும் உக்குலேலே இசை ஒலித்தது. ஜோனா குமலாயே என்னும் ஹவாய் வினைஞரின் கருவிகள் அங்கே தங்கப் பதக்கம் பெற்றன. கேட்டவரெல்லாம் அக்கருவி தமக்கும் வேண்டுமென்றனர். ஹொனலூலுவின் சிறு பட்டறைகளால் அவ்வளவு விரைவாகச் செய்து கொடுக்க இயலவில்லை.

அந்த இடைவெளியில் பெருநிலத்துத் தொழிற்சாலைகள் புகுந்தன. சிக்காகோவின் ஹார்மனிக் கம்பனியை, அஞ்சல் வழி வாணிகத்தில் பெயர்பெற்ற சியர்ஸ் நிறுவனம் 1916இல் வாங்கியது. உக்குலேலே விற்பனையே அதன் நோக்கம். பொறிகள் பலகையை ஒரே அளவாய் அறுத்தன; ஒரே அளவாய் வளைத்தன. விலை தாழ்ந்தது. அவற்றுட் சில, ஹவாயில் செய்தவைபோலத் தோன்றும் பெயர்களையும் தாங்கின. ஹொனலூலு வினைஞர் முறையிட்டனர். உண்மையாகவே அத்தீவுகளிற் செய்யப்பட்டவற்றுக்கு ‘தபு’, அதாவது ‘தீண்டலாகாது’, என்னும் முத்திரை வழக்குக்கு வந்தது. ஒரு சிறு பட்டறை தன் பெயரைக் காக்கத் தன் நாட்டின் பழைய சமயச் சொல்லையே வேலியாக இட்டது.

ஆயினும் வடிவத்தை நகல் செய்வது எளிது; அறிவை நகல் செய்வது எளிதன்று. இதற்கு மாட்டின் நிறுவனமே சான்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறந்த கித்தார்கள் செய்துவந்த அந்நிறுவனம், 1907இல் சில உக்குலேலேகளைச் செய்து பார்த்தது. கித்தாருக்கு ஏற்ற ஸ்புரூஸ் மரத்தை மேற்பலகையாக வைத்து, கித்தாருக்கு ஏற்ற வலிமையான சட்டங்களை உள்ளே ஒட்டினர். ஓசை எழவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. சில ஆண்டுகளின் பின், மகோகனி மரத்தால், இலேசான சட்டங்களுடன் செய்தபோதுதான் அது வெற்றி பெற்றது. பெரிய கருவியைச் சுருக்கினால் சிறிய கருவி ஆகிவிடாது என்பதை அப்பெரும் வினைஞரும் தோற்றே கற்றனர். ஹொனலூலுத் தச்சர் அதனை முன்னமே அறிந்திருந்தனர்.

அம்மூவரின் முடிவு யாது? சாந்தோ 1905இல் மறைந்தார். டயஸ், தம் கருவி உலகத்தை வெல்லத் தொடங்கிய அதே 1915இல் மறைந்தார். நெடுநாள் வாழ்ந்தவர் நூனெஸ். அவருடைய கடையின் சீட்டுகள், உக்குலேலேயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று கூறின. மற்ற இருவருக்கும் இருந்த பங்கை எண்ணும்போது அக்கூற்றை முழுதும் ஏற்க இயலாது. ஒருவர் கண்டுபிடித்தது என்பதைவிட, மூன்று பட்டறைகள் ஒன்றையொன்று பார்த்து, போட்டியிட்டு, திருத்தி, ஆடலும் பாடலும் அறிந்த மக்களின் கையிற் கொடுத்து உருவாக்கியது என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும். நூனெஸ் 1922இல் காலமானார்.

அவரிடம் தொழில் பயின்றவர்களுள் ஒருவர் சாமுவேல் கமாக்கா என்னும் ஹவாய் இளைஞர். கடல் கடந்து வந்தவரின் கை, மண்ணின் மைந்தரின் கைக்குத் தொழிலைத் தந்தது. கமாக்கா 1916இல் தம் வீட்டின் நிலவறையிலே ஒரு பட்டறை தொடங்கினார். 1920களில், இடை ஒடுங்காத நீள்வட்ட உடலோடு ஒரு புதிய கருவியை வடித்தார். அதன் முகத்தில் அன்னாசிப்பழத்தை வரைந்தார் ஒரு நண்பர். ‘அன்னாசி உக்குலேலே’ என்னும் பெயர் நிலைத்தது. 1928இல் அவ்வடிவத்துக்கு உரிமைப் பத்திரமும் கிடைத்தது. இடையை வளைக்காத அவ்வுடலின் ஓசை, மற்றதனிலும் நிறைந்து ஒலிக்கும் என்பர்.

தொழிற்சாலைகளுக்கு வந்த நல்ல காலம் நெடுநாள் நிற்கவில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் விருப்பம் தணிந்தது. பின்னர் 1949இல் புதியதோர் அலை எழுந்தது. மாரியோ மக்காபெறி என்பவர் பிளாஸ்ரிக்கினால் உக்குலேலே வார்த்து, ஆறு டொலருக்கும் குறைந்த விலைக்கு விற்றார், இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அவர் கைத்தொழிலை அறியாதவரல்லர். இத்தாலியிலே முறையாகப் பயின்ற கித்தார் வினைஞர். கையில் நேர்ந்த காயத்தால் மேடை வாழ்வை இழந்த இசைஞருங்கூட. ஏழைச் சிறுவரின் கையிலும் இசையை வைத்தது அவர் பணி. அதனை இகழ்வது நியாயமன்று. எனினும் அவ்வலையும் 1960களில் ஓய்ந்தது. எஞ்சி நின்ற சிலவற்றுள் கமாக்காவின் பட்டறையும் ஒன்று.

அப்பட்டறை நிலைத்ததும் எளிதாக அன்று. தந்தை நோயுற்றபோது, அமெரிக்காவிலே பூச்சியியலில் உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்த மூத்த மகன், படிப்பை விட்டு ஊர் திரும்பினார். தந்தை 1953இல் மறைந்தார். குடும்பப் பெயரைப் பொறிப்பதானால் மட்டமானதைச் செய்யாதிருங்கள் என்பதே அவர் மக்களுக்கு விட்டுச்சென்ற கட்டளை என்பர். இரு மைந்தரும் அதனை மேற்கொண்டனர். 2016இல் அப்பட்டறை நூறாண்டு நிறைவைக் கண்டது.

1950களில் தொடங்கி, செவிப்புலன் அற்றோர் பலருக்கு அப்பட்டறை வேலை கொடுத்தது. இசைக் கருவி செய்வதற்குச் செவியற்றவரா என வியப்போம். ஆனால் பலகையைத் தட்டும்போது எழும் அதிர்வை அவர்கள் விரல் நுனியால் உணர்ந்தனர். தடிப்பு எங்கே கூடுதல், எங்கே போதும் என்பதைத் தொட்டறிந்தனர். மேலே நாம் சொன்ன அந்த நிறுத்துமிடம், எழுத்தில் அடங்காதது, பொறிக்குப் பிடிபடாதது, அவர்களின் கைக்குப் பிடிபட்டது. தாம் ஒருநாளும் கேட்கமாட்டாத இசையைப் பிறருக்காக அவர்கள் மரத்திலே வைத்துக் கொடுத்தனர்.

நேயர்களே, கைத்தொழிலின் வரலாற்றை விற்பனைக் கணக்கால் மட்டும் எழுதினால், 1916இல் சிக்காகோ வென்றது; 1949இல் பிளாஸ்ரிக் வென்றது. ஆனால் கையிலிருந்து கைக்குச் சென்ற அறிவைப் பின்தொடர்ந்து எழுதினால் கதை வேறாகும். மதெய்ராத் தச்சரிடமிருந்து ஹவாய் இளைஞருக்கும், அவரிடமிருந்து மைந்தருக்கும், அவர்களிடமிருந்து செவிப்புலனற்ற தொழிலாளருக்கும் அது சென்றது. இடையில் ஒரே ஒருவர் கற்பிக்க மறுத்திருந்தாலோ, கற்க ஆளில்லாதிருந்தாலோ, அந்த ஓசை அங்கேயே அறுந்திருக்கும்.

மட்டக்களப்பின் திருமண வீட்டிலே ஒலிக்கும் பழைய கித்தாரைப் பழுதுபார்க்கும் கைகள் இன்னும் சில இருக்கலாம். அக்கைகளின் அருகே ஓர் இளைஞன் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறானா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.